நான் விட்ட கைகளை ஆடுகிறவள்

செவ்வாய்

இன்றும் என் நிழல் ஜெயித்தது. நான் தோற்கவில்லை. தோற்பதற்கு ஆட்டத்தில் இருந்திருக்க வேண்டும். நான் சீட்டைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். சுவரில் இருந்த திரையில் அவள் ஐந்து சீட்டு வரைக்கும் போய், குவிந்திருந்த காய்களை வாரிக்கொண்டாள்.

வகுப்பில் நடப்பதை ஒழுங்காக எழுதி வைத்தால் என் ஆட்டம் திருந்தும் என்று நினைத்துத்தான் இதைத் தொடங்கினேன். எனவே முறைப்படி எழுதுகிறேன்.

கடல் மீட்பு வாரியத்தில் ஒரே ஓர் இடம் காலி. மீட்புப் படகுகளில் இப்போது ஆள் கிடையாது. அபாயச் சமிக்ஞை வந்தால் தாமே கிளம்பும், தாமே திரும்பும். ஆனால் படகுகள் கொஞ்சம், கடல் பெரிது. மங்கலாக வருகிற எல்லாச் சமிக்ஞைக்கும் படகு விட முடியாது. போகச் சொல்ல இயந்திரம் போதும். போகாதே என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அந்த மனிதர் உட்காரும் மேசைதான் அந்த இடம். உப்புக் கம்பெனியின் எடை மேடையில் பகல் முழுவதும் லாரி எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கு அது வேண்டும். இதற்கு முன்னால் எதையும் இப்படி வேண்டும் என்று நினைத்ததில்லை.

எழுத்துத் தேர்வு வைத்தால் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள் என்று சீட்டாட்டத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒமாஹா என்ற ஆட்டம்; அதைக் கற்றுக்கொடுத்து ஆள் எடுக்கத்தான் வாரியம் இந்த வகுப்பை நடத்துகிறது. பந்தயம் கட்டக் காசு கிடையாது, பிளாஸ்டிக் காய்கள்தான். ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டு; அதுதான் அவருடைய ‘கை’. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று ஒன்றாகத் திறக்கும், பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. கையிலிருந்து சரியாக இரண்டும் மேசையிலிருந்து மூன்றும் சேர்த்து நல்ல ஐந்தைக் காட்டுகிறவருக்குக் காய்.

என் சிக்கல் முதல் மூன்று திறப்பதற்கு முன்னால்தான். ஜோடி ஆஸ் போன்ற கை வந்தால் யாரும் ஆட்டத்தில் இருப்பார்கள். அடுத்தடுத்த எண்கள், ஸ்பேடு, ஹார்ட் என்று ஒரே வண்ணத்தில் இரண்டிரண்டு, இப்படி வரும் கைதான் தொல்லை. இப்போதைக்கு அது ஒன்றுமில்லை. மேசையில் சரியான சீட்டு விழுந்தால் பெரிய கை. வகுப்பில் அதைக் காத்திருக்கும் கை என்கிறோம். இருப்பதா, முதலிலேயே சீட்டைக் கவிழ்த்து ஸ்கூட் விடுவதா?

நான் விட்டுவிடுவேன். நிறையப் பேர் இருந்தால், என் வண்ணம் சேர்ந்தாலும் அதைவிடப் பெரிய சீட்டோடு அதே வண்ணம் வேறு யாரிடமாவது இருக்கும் என்று விடுவேன். ஒருவர்தான் எதிரே என்றால், சேர்ந்தாலும் கிடைக்கப்போவது கொஞ்சம்தானே என்று விடுவேன். எப்படிப் பார்த்தாலும் விடுவதற்கு ஒரு காரணம் எனக்குக் கிடைத்துவிடுகிறது.

நிழல் அங்கேதான் வருகிறாள். ஒவ்வொருவரும் ஆடும் விதத்தைப் பார்த்துப் பார்த்து மேசை கற்றுக்கொள்கிறது. நாம் ஒரு கையை விட்டவுடன், விடாமல் இருந்திருந்தால் நாம் எப்படி ஆடியிருப்போமோ அப்படியே அது தொடர்ந்து ஆடிக் காட்டும். திரையில் என் பெயருக்குக் கீழே ‘டெல்ஃபின் – நிழல்’ என்று இன்னொரு வரி. அவளுடைய காய்கள் என்னுடையதைவிட எப்போதும் உயரமாக நிற்கின்றன.

வகுப்பு எடுக்கும் சுமையா மேடம் அதை “அது” என்பதில்லை. “அவ துணிஞ்சு இருந்தா பாருங்க” என்கிறார். அவர் இப்படிச் சொல்லும்போது எனக்குக் காது சுடுகிறது.

வியாழன்

பிரசில்லா மைனியைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட முடியாது.

என் அண்ணன் ரீகனின் மனைவி. ஐஸ் பிளாண்டில் வேலை. வகுப்பில் நான் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து, “சும்மா உக்காந்து டிவி பாக்கதுக்கு நானும் வாரேன்ட்டி” என்று வந்து சேர்ந்தாள். ஓர் ஆட்டத்துக்கும் குறிப்பு எடுப்பதில்லை. எந்தக் கைக்கு இருப்பது, எதை விடுவது என்று நான் போட்ட அட்டவணையை வீட்டில் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் இறால் உரித்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு நிழலே கிடையாது. அதாவது, அவள் எதையும் விடுவதில்லை. விட்டால்தானே நிழல் ஆடும். திரையில் அவள் பெயருக்குக் கீழே வெற்று வரி.

இன்று எனக்கு வந்தது கிளாவர் பத்து, எட்டு. ஹார்ட்டின் ஒன்பது, ஏழு. ஸ்கூட் விட்டேன். மைனி ஏறக்குறைய இதே மாதிரி ஒரு கையோடு இருந்தாள். கடைசிச் சீட்டில் அவளுக்குச் சேர்ந்தது.

“எப்படி மைனி இருந்தீங்க? நாலு பேர் எதிர்ல இருந்தாங்களே.”

“பாக்க அழகா இருந்துச்சு, வரிசையா. விட மனசு வரல.”

“அது ஒரு காரணமா?”

“ஏட்டி, வாரதுக்கு முன்னாலயே எதுக்குக் கதவச் சாத்தணும்? வராட்டா அப்பம் சாத்திக்கலாம்லா.”

எல்லோரும் சிரித்தார்கள். மைனி திரையைக் காட்டி, “நம்ம டெல்ஃபின விட அவ நிழலு நல்ல பிள்ளையா இருக்கா. அவளக் கூட்டிட்டு வாங்க மேடம், காப்பி குடிக்கப் போவோம்” என்றாள். நானும் சிரித்தேன். கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சாப்பிடும்போது அண்ணன் அவளிடம், “ஒனக்கே கெடச்சிரும் போலயே” என்றான். நானும் அங்கேதான் இருந்தேன். குழம்புச் சட்டி என் கையில்தான் இருந்தது.

எழுதிப் பார்க்கிறேன்: மைனி மேல் எனக்கு இருப்பது பொறாமை. அது எனக்குப் புரிகிறது, ஊரில் எல்லோருக்கும் வருவதுதான். நிழல் மேல் இருப்பதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. அவள் என்னைப் போலவேதான் யோசிக்கிறாள். என் கையைத்தான் ஆடுகிறாள். நான் எழுந்து போன நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெயிக்கிறாள்.

சனி

ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். தவறாகவும் இருக்கலாம். மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.

நிழல் ஜெயித்த ஆட்டங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். அவள் இருப்பது மேசையில் யாருக்கும் தெரியாது! நான் உண்மையில் இருந்திருந்தால், பக்கத்திலிருப்பவர் என்னைப் பார்த்துக் காயைக் கூட்டியிருப்பார். அல்லது பயந்து விட்டிருப்பார். நிழலைப் பார்த்து யாரும் எதுவும் செய்வதில்லை. நான் இல்லாத ஆட்டத்தை அவர்கள் ஆடி முடிக்கிறார்கள்; அவள் அதன் நடுவே எதிர்ப்பில்லாமல் நடந்து போகிறாள். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி அல்ல.

வகுப்பு தொடங்கும் முன்பே போய் சுமையா மேடத்திடம் சொன்னேன். அவர் காயல்பட்டினத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். கேட்டுக்கொண்டே காய்களை நிறம் பிரித்து அடுக்கினார்.

“சரியாத்தான் சொல்றீங்க” என்றார். “எங்களுக்கும் தெரியும்.”

“தெரிஞ்சுமா எங்களுக்குக் காட்டுறீங்க?”

“மேசையில உங்களுக்கு எதிரே ஆள் இருக்கு. நீங்க இருந்தா அவங்க மாறுவாங்க. கடல் மாறுமா? நீங்க படகு விட்டாலும் விடாட்டியும் காத்து அதே காத்துதான். அங்க நிழல் சொல்றது பொய்யில்ல டெல்ஃபின்.”

 இரண்டு நாள் கட்டியது ஒரே கேள்வியில் சரிந்தது. அப்போது பின்னால் மைனியின் குரல்.

“கடல் மாறாது மேடம். கடலுக்குப் போறவன் மாறுவான்.”

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“எங்க அப்பாவ எடுத்துக்கிடுங்க. லேசா ஒரு சத்தம் குடுத்தாலே படகு வந்துரும்னு தெரிஞ்சா, காத்து சரியில்லாத அன்னைக்கும் போவாரு. இன்னும் தள்ளிப் போவாரு. அவரு போனா நாலு பேரு பின்னாலயே போவான். அப்பம் ஒங்க படகு பத்துமா?”

மேடம் காய் அடுக்குவதை நிறுத்தினார். “அப்ப எந்தச் சமிக்ஞைக்கும் படகு வேண்டாங்கிறீங்களா?”

“நான் அப்படிச் சொல்லலையே. என்ன ஆகும்னு சீட்ட விடுதவளுக்கும் தெரியாது, இருக்கவளுக்கும் தெரியாதுன்னு சொல்லுதேன். யாராவது ஒருத்தி உக்காந்துதான் ஆகணும்.”

நான் சொல்ல வந்ததன் மிச்சப் பாதி அது. என் கண்டுபிடிப்பை எடுத்து, தலைக்கவசத்தோடு நின்றபடியே முடித்துக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொல்லவில்லை.

அடுத்த வாரம் கடைசி மேசை. நாலு பேர் மிஞ்சியிருக்கிறோம். நேரம் முடியும்போது யாரிடம் காய் அதிகமோ அவருக்கு இடம்.

வெள்ளி

கடைசி மேசை முடிந்துவிட்டது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டத்தை அவர்கள் பார்க்கவில்லை. எங்கள் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிவுக்குச் சற்று முன்னால் மைனி முன்னணியில், நான் அடுத்தவள். மற்ற இரண்டு பேர் ஏறக்குறைய காலி. எனக்கு வந்த கை: ஸ்பேடு ஒன்பது, ஏழு, டைமண்ட் எட்டு, ஆறு. மைனி காயைக் கூட்டினாள். மற்ற இருவரும் ஸ்கூட். எதிரே ஒருத்தி மட்டும், என்னிடம் சின்னச் சீட்டு, ஆஸ் இல்லாத வண்ணம். என் அட்டவணையில் இதற்கு ஒரே பதில்தான்.

சீட்டைக் கவிழ்க்கக் கை போனது. போகும்போதே திரையில் கீழ் வரி மினுங்கத் தொடங்கியது. நான் விட்டவுடன் எடுத்துக்கொள்வதற்கு அவள் தயாராக நின்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், சீட்டைப் பார்த்து நான் முடிவெடுக்கவில்லை. இவளுக்கு இதைத் தர மாட்டேன் என்றுதான் கையை இழுத்துக்கொண்டேன்.

“இருக்கேன்.”

மைனி நிமிர்ந்து பார்த்தாள். கீழ் வரி அணைந்தது.

மூன்று சீட்டு திறந்தது: ஸ்பேடு ராஜா, ஸ்பேடு நான்கு, டைமண்ட் இரண்டு. இன்னொரு ஸ்பேடு விழுந்தால் எனக்கு ஐந்தும் ஒரே வண்ணம். விழாவிட்டால் என்னிடம் எதுவுமே இல்லை. மைனி பாதிக் காய்களை நடுவே தள்ளினாள். நான் என்னிடமிருந்த அத்தனையையும் தள்ளினேன்.

அவள் வெகுநேரம் சீட்டைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

“ஒன்னய எனக்குத் தெரியும்ட்டி. நீ ஆஸ் இல்லாம மூச்சே விட மாட்டே. இப்பம் எல்லாத்தயும் தூக்கிப் போட்டிருக்கேன்னா ரெண்டு ராஜா வச்சிருக்கே. மேசையில ஒண்ணு. மூணு ராஜா.”

 என் கழுத்து துடிப்பது அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரிந்திருக்கும். அதையும் அவள் மூன்று ராஜாவாகத்தான் படித்திருப்பாள்.

“சரி, எடுத்துக்கோ” என்று சொல்லிச் சீட்டைக் கவிழ்த்தாள்.

வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவள் விட்ட முதல் கை. திரையில் ‘பிரசில்லா – நிழல்’ என்ற வரி முதல்முறையாக உயிர்பெற்றது. அவள் சீட்டு அதில் திறந்தது: ராஜாவும் நான்கும் இருந்தன, மேசையில் இருந்ததோடு இரண்டு ஜோடி. மிச்ச இரண்டு பொதுச் சீட்டும் விழுந்தன: கிளாவர் ஜாக், ஹார்ட்டின் மூன்று. ஸ்பேடு வரவில்லை. என் வெறுங்கையும் திறந்தது. திரையில் மைனியின் நிழல் அத்தனை காய்களையும் வாரிக்கொண்டாள்; மேசையில் இருந்தவை என்னிடம் வந்தன.

மற்ற நிழல்களைப் பற்றி நான் சொன்ன குறை இவளுக்குப் பொருந்தாது. நான் எல்லாவற்றையும் தள்ளிய பிறகு மாறி ஆடுவதற்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை. மைனி இருந்திருந்தால் இதுதான் நடந்திருக்கும். இந்த ஒரு நிழல் மட்டும் உண்மை.

நான் மைனியின் முகத்தையே பார்த்தேன். எத்தனையோ வாரமாக என் முகத்தில் இருந்தது இனி அவள் முகத்தில் வரும் என்று காத்திருந்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை.

மைனி திரையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“அடிப்பாவி! ஒண்ணுமே இல்லாமயா என்னய வெரட்டுனே?” என்று என் தோளில் ஓர் அறை விட்டாள். “மேடம், பாத்தீகளா இந்தப் பிள்ளைய? காப்பி வாங்கிக் குடுங்க, எனக்கு நெஞ்சு அடிக்குது.”

அவ்வளவுதான். திரையை அவள் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை.

சுவரோரம் இருந்தவர்களில் ஒருவர் எதையோ குறித்துக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல.

திங்கள்

இடம் எனக்குத்தான். சுமையா மேடம் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு ஒரு நிபந்தனையும் சொன்னார்.

“மீட்பு மேசையிலயும் நிழல் உண்டு. நீங்க வேண்டாம்னு சொன்ன ஒவ்வொரு சமிக்ஞைக்கும், அப்புறமா கிடைக்கிற படம், நீரோட்டம், கரை ஒதுங்கினது எல்லாத்தையும் வச்சு, படகு போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு கணக்கு வரும். அதை நீங்க பாக்கக் கூடாது.”

“ஏன் மேடம்? நான்தானே முடிவு எடுக்கறேன்?”

“கடைசிக் கையில நீங்க இருந்தது சீட்டைப் பாத்தா?”

 அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

“நிழலைப் பாத்தா உங்க கை மாறிடுது. நாளைக்கு அதே மாதிரி கடல்லயும் மாறிடும். ஆனா அதை யாராவது பாத்தாகணும். தப்பு தொடர்ந்து வந்தா சொல்றதுக்கு ஒரு ஆள். பாத்துட்டு வீட்டுக்குப் போய் சாதாரணமா சோறு சாப்பிடுற ஆளாத் தேடிக்கிட்டு இருந்தோம். அது ரெண்டாவது இடம். அறிவிக்கல, அவ்வளவுதான்.”

யாரென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஜெயித்தது நான். ஆனாலும் அவர் அந்த இரண்டாவது இடத்தைப் பற்றிப் பேசும்போது குரலில் இருந்த மரியாதை என் இடத்தைப் பற்றிப் பேசும்போது இருக்கவில்லை. அல்லது எனக்கு அப்படிக் கேட்டிருக்கலாம்.

ஞாயிறு

பல மாதம் எழுதவில்லை. எழுத நேரம் இருந்தது.

மேசைக்கு எதிரே கண்ணாடிக்கு அப்பால் கடல். மங்கலான சமிக்ஞை வரும். காற்று, தூரம், எத்தனை படகு மிச்சம், முன்பு அதே இடத்திலிருந்து வந்த பொய்ச் சமிக்ஞை எல்லாம் பார்ப்பேன். சிலவற்றுக்குப் ‘போ’. பலவற்றுக்கு ‘வேண்டாம்’. முறைப்படித்தான் செய்கிறேன். நன்றாகச் செய்வதாக மேலதிகாரிகள் சொல்கிறார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? மைனி சொல்லித்தான் தெரியும்.

அவளுடைய அறை ஒரு மாடி மேலே. நான் விட்டவை எல்லாம் அங்கே போகின்றன. என் முடிவுகள் என்ன ஆயின என்று அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என் வேலையின் பாதியை அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் வயிறு எரிகிறது. இதைவிட மரியாதையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

அதனால் இடமாற்றம் கேட்க முடிவு செய்தேன். அவளுடைய அறையில் ஒருவர் போதாது என்று பேச்சு அடிபடுகிறது. இன்று பூசை முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாட்டில் சொன்னேன். அண்ணன் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். மைனி சீலா மீன் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“மைனி, நான் மேல வாரதுக்கு எழுதிக் குடுக்கப் போறேன். நாளைக்கு.”

“எதுக்கு?”

“நான் விட்டதுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? உங்களுக்கு மட்டும் தெரியணுமா?”

வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஏதாவது கிண்டல் செய்வாள். காத்திருந்தேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். மீனும் புளியும் ஒட்டிய விரல்கள்.

“வேண்டாம்ட்டி.”

“ஏன், என்னால தாங்க முடியாதா? நீங்க தாங்குதீகல்லா.”

“நல்லாத்தான் செய்யுத. மேடத்துக்கிட்ட அப்படித்தான் எழுதிக் குடுக்கேன். பொய் இல்ல. வேற யாரு உக்காந்தாலும் இதவிட மோசமாத்தான் இருக்கும்.”

“அப்புறம் என்ன?”

“மேல வராத.”

அவள் பிடியை விடவில்லை. என் கை வலித்தது. அவளுடைய கண்களுக்குக் கீழே புதிதாகக் கருவளையம். எப்போதிலிருந்து என்று யோசித்தேன், தெரியவில்லை. ஒரே வீட்டில் இத்தனை மாதமும் நான் அவளிடம் இருப்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பிடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நான் ‘வேண்டாம்’ என்றதால் திரும்பி வராதவர்களின் எண்ணிக்கை ஒன்றைத் தவிர.

அண்ணன் உள்ளே வந்து, “என்ன, ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டு?” என்றான்.

“முள்ளு குத்திட்டு” என்றாள் மைனி. “ஒண்ணுமில்ல. நீரு உக்காரும்.”